லித்தியம் கார்பனேட்: ஆறவிடாமல் எடுக்க வேண்டிய உப்பு

ஆய்வகத்தில் உப்பு தயாரித்துப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் கையிலேயே ஊறியிருக்கும். கொதித்த கரைசலை இறக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்துவிட்டு, படிகம் விழட்டும் என்று காத்திருப்பார்கள். படிகாரத்துக்கும் மயில்துத்தத்துக்கும் அது சரியான வழி. லித்தியம் கார்பனேட்டில் அதைச் செய்தால், கிடைத்த உப்பில் ஒரு பங்கை நீங்களே திரும்பக் கரைத்து வெளியே ஊற்றிவிடுவீர்கள். தண்ணீர் சூடாகச் சூடாகக் குறைவாகக் கரையும் உப்பு இது. 100 மில்லி நீரில் 0 டிகிரியில் ஏறத்தாழ 1.5 கிராம் கரையும், 20 டிகிரியில் 1.3 கிராம், கொதிநிலையில் 0.7 கிராம்தான். இந்த அத்தியாயத்தின் எல்லாப் படிகளும் இந்த மூன்று எண்களிலிருந்தே வருகின்றன.

வேதியியல் இளநிலை மாணவர்கள், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர்கள் ஆகியோருக்காக இது எழுதப்பட்டுள்ளது. நெய்வேலி நகரியத்தின் காற்று, தண்ணீர், தூசு மூன்றையும் மனத்தில் வைத்துப் படிகளை அமைத்திருக்கிறேன். ஈரக்காற்றுள்ள எந்தக் கடலோர மாவட்டத்துக்கும் இவை பொருந்தும். சமையலறையில் செய்யும் வேலை அல்ல இது. கல்லூரி அல்லது பள்ளி ஆய்வகத்தில், பொறுப்பாளர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஏன் இந்த உப்பு?

பழுப்பு நிலக்கரியை வெட்டி எரித்து 1962 முதல் மின்சாரம் தரும் ஊர் நெய்வேலி. அந்தச் சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு 8 மெகாவாட் மணி அளவுக்குப் பேட்டரிச் சேமிப்பையும் அமைத்திருக்கிறது. மின்சாரத்தைச் சேமிக்கும் தொழில் வளர வளர லித்தியத்தின் தேவையும் ஏறுகிறது. உலகச் சந்தையில் லித்தியம் பெரும்பாலும் கைமாறுவது உலோகமாக அல்ல, கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும்தான். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் லித்தியம் அயனி பேட்டரித் தொழில்நுட்பத்தில் உழைத்துவருகிறது. ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் தாது இருக்கலாம் என்ற மதிப்பீடு 2023 பிப்ரவரியில் வந்தது. அர்ஜென்டினாவின் கட்டமார்கா மாகாணத்தில் ஐந்து உப்புநீர்ப் பகுதிகளுக்கு இந்திய அரசு நிறுவனமான காபில் 2024 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது.

தாதுப்பாறையிலிருந்து எடுத்தாலும் உப்புநீரிலிருந்து எடுத்தாலும் தொழிற்சாலையின் கடைசிப் படி பெரும்பாலும் ஒன்றுதான்: சூடான லித்தியக் கரைசலில் சோடா சாம்பல் கரைசலைச் சேர்ப்பது. நீங்கள் பீக்கரில் செய்யப்போவதும் அதுவே.

தெரிந்திருக்க வேண்டிய பண்புகள்

வெள்ளைத் தூள், மணமில்லை. மூலக்கூறு எடை 73.89. 723 டிகிரியில் உருகும். உருகிய நிலையில் கண்ணாடியையும் பீங்கானையும் அரிக்கும், ஆகவே பீங்கான் மூசையில் வைத்து உருக்கிப் பார்க்க வேண்டாம். படிக நீர் ஏற்காது, காற்றில் கசியாது. எடை போட்டு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. நீரில் கரைந்தது காரத்தன்மை காட்டும், சிவப்பு லிட்மஸ் நீலமாகும். அமிலத்தில் நுரைத்துக் கரையும்.

முதலில் பாதுகாப்பு

இதே சேர்மம் மனநல மருத்துவத்தில் மாத்திரையாகப் பயன்படுகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ல் அதன் பயனை வெளியிட்டார். இதைக் கேள்விப்பட்ட மாணவர்கள், மருந்துதானே, கையில் பட்டால் என்ன என்று அலட்சியமாக இருப்பதுண்டு. உண்மை நேர்மாறானது. நோய்க்குப் பயன்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் மருத்துவர்கள் இரத்தத்தில் லித்தியத்தின் அளவை அடிக்கடி சோதிக்கிறார்கள். ஆய்வகத்தில் தயாரித்தது எந்த நிலையிலும் மருந்தாகாது.

- ருசி பார்க்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மேசையில் டீ டம்ளர் இருக்கக் கூடாது.
- சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தச் சோதனையிலிருந்து விலகியிருக்கட்டும்.
- கொதிக்கும் சோடாக் கரைசல் கண்ணில் தெறித்தால் ஆபத்து. கண்ணாடிக் கவசம், கையுறை, பருத்தி மேலங்கி மூன்றும் வேண்டும். தெறித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.
- பழைய செல்போன் பேட்டரியை உடைத்து அதிலிருந்து லித்தியம் எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் மின்பகு திரவம் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் புளோரைடை வெளியிடும். விலைக்கு வாங்கிய உப்பிலிருந்து மட்டுமே தொடங்குங்கள்.

தேவையான பொருட்கள்

லித்தியம் குளோரைடு 10 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 13.2 கிராம். இரண்டும் எல்.ஆர். தரம் போதும். கூடவே காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டர், வெள்ளி நைட்ரேட் கரைசல், நீர்த்த நைட்ரிக் அமிலம். 250 மில்லி பீக்கர் இரண்டு, கண்ணாடித் தண்டு, வெப்பமானி, ஹாட் பிளேட், புக்னர் புனல், உறிஞ்சு குடுவை, வடிதாள், ஓவன்.

கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். லித்தியம் குளோரைடின் மூலக்கூறு எடை 42.39, ஆகவே 10 கிராம் என்பது 0.236 மோல். அதற்குப் பாதி, 0.118 மோல் சோடியம் கார்பனேட் வேண்டும். அது 12.5 கிராம். நூற்றுக்கு ஐந்து கூடுதலாக எடுத்தால் 13.2 கிராமை ஒட்டி வரும். முழுதாகக் கிடைத்தால் உப்பு 8.7 கிராம். கையில் வருவது 7 முதல் 7.5 கிராம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய்த் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீரும் வேண்டாம். அவற்றில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோடாவைக் கண்டதும் வெள்ளையாக வீழ்படியும். அதுவும் கார்பனேட், நிறமும் வெள்ளை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் பயன்படும், ஆனால் எடுக்கும் முன் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள், கலங்கினால் வேண்டாம். எந்த நீரானாலும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பயன்படுத்துங்கள். நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு லித்தியம் கார்பனேட்டைக் கரையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் லித்தியம் குளோரைடு

இந்த உப்பின் போத்தலை மழைக்காலத்தில் திறந்து வைத்துவிட்டு நீங்கள் தராசைச் சரிசெய்துகொண்டிருந்தால், திரும்பிப் பார்க்கும்போது கரண்டியில் உள்ள தூள் ஓரம் மினுங்கத் தொடங்கியிருக்கும். சற்று நேரத்தில் கட்டி, பிறகு பாகு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரைந்துபோகும் உப்பு அது. நம் பக்கத்தில் காற்று அவ்வளவு வறண்டு இருப்பதே கிடையாது, அக்கினி நட்சத்திரத்திலும்கூட. ஈரம் ஏறிய குளோரைடை 10 கிராம் என்று எடை போட்டால் அதில் 1 கிராம் தண்ணீராக இருக்கலாம். விளைச்சல் ஏன் குறைந்தது என்று அப்புறம் தேடுவீர்கள்.

வழி இரண்டு. ஒன்று, மூடியுள்ள எடைப் போத்தலை முதலில் எடை போட்டு, வேகமாக உப்பைப் போட்டு மூடி, மறுபடி எடை போடுவது. வந்த எடை 9.8 ஆனாலும் 10.3 ஆனாலும் கவலையில்லை, சோடாவை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: மழைக்காலத்தில் குளோரைடை விட்டுவிட்டு லித்தியம் சல்பேட் மோனோஹைட்ரேட்டை எடுப்பது. அது இப்படிக் கசிந்து பாகாகாது. 15.1 கிராம் எடுத்தால் அதே 0.118 மோல் கிடைக்கும், 50 மில்லி நீரில் கரையும். தாதுப்பாறையைக் கந்தக அமிலத்தோடு வறுக்கும் ஆலைகளிலும் சல்பேட் கரைசலிலிருந்துதான் கார்பனேட்டை வீழ்த்துகிறார்கள். கழுவு நீரைச் சோதிக்கும்போது மட்டும் வெள்ளி நைட்ரேட்டுக்குப் பதில் பேரியம் குளோரைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரியம் உப்பு நஞ்சு, அந்தச் சோதனைக் குழாய்களைத் தனியே வையுங்கள்.

செய்முறை

1. பீக்கரில் 40 மில்லி நீர் எடுத்து, குளோரைடைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். கரையும்போது நன்றாகச் சூடேறும். மொத்தமாகக் கொட்டினால் தெறிக்கும்.

2. கரைசல் கலங்கலாக இருந்தால் இப்போதே வடிகட்டுங்கள். இனிமேல் வரும் வெள்ளை எல்லாம் உங்கள் உப்பாக இருக்க வேண்டும்.

3. இரண்டாவது பீக்கரில் 50 மில்லி சூடான நீரில் சோடியம் கார்பனேட்டைக் கரைத்து, அதையும் வடிகட்டுங்கள்.

4. லித்தியக் கரைசலை ஹாட் பிளேட்டில் வைத்து 90 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பீக்கரின் வெளியே 70 மில்லி மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

5. சோடாக் கரைசலையும் சூடாகவே வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும்படி மெல்ல ஊற்றுங்கள். கண்ணாடித் தண்டு நிற்காமல் சுற்றட்டும். முதல் சில மில்லிக்கு எதுவும் விழாமல் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம். பிறகு கரைசல் பால் நிறமாகி, கிளறலை நிறுத்தினால் கனமான வெள்ளைத் தூள் அடியில் இறங்கும்.

6. எல்லாம் ஊற்றிய பின் 90 முதல் 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருங்கள். இந்த நேரத்தில் நுண்துகள்கள் வளர்ந்து, வடிகட்ட எளிதான மணிகளாகும். கொதிக்கவிடாதீர்கள். அடியில் தூள் படிந்த கரைசல் கொதித்தால் திடீரென்று குதித்து வெளியே தெறிக்கும். நீர்மட்டம் நீங்கள் போட்ட கோட்டுக்குக் கீழே போனால் கொதிநீர் சேருங்கள். ரொம்பவும் வற்றினால் சோடியம் குளோரைடும் சேர்ந்து படியும்.

7. புக்னர் புனலை ஓவனில் சூடாக்கி, அல்லது அதன் வழியே கொதிநீரை ஊற்றி, சூட்டோடு குடுவையில் பொருத்துங்கள். பீக்கரை இறக்கிய கையோடு வடிகட்டுங்கள். மேலே உள்ள தெளிவை முதலில் விட்டு, தூளைக் கடைசியில் கொட்டுங்கள்.

8. உறிஞ்சலை நிறுத்தி, 10 மில்லி கொதிநீர் ஊற்றி, தூளைத் தண்டால் மெதுவாகக் கலைத்துவிட்டு, மீண்டும் உறிஞ்சுங்கள். இப்படி மூன்று முறை. மூன்றாம் கழுவு நீரில் சில துளியை நைட்ரிக் அமிலம் விட்டு நுரை அடங்கியபின் வெள்ளி நைட்ரேட்டால் சோதியுங்கள். லேசாகப் புகை போல் கலங்கினால் போதும், விடலாம். தயிர்போல் திரண்டால் இன்னொரு முறை கழுவுங்கள்.

9. வாட்ச் கிளாசில் பரப்பி 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். ஆறிய பின் எடை போட்டு, மூடி இறுகிய போத்தலில் போட்டு, பெயர், தேதி, எடை, ‘உட்கொள்ளக் கூடாது’ என்ற எச்சரிக்கை நான்கையும் எழுதி ஒட்டுங்கள்.

குறிப்பு: வெயிலில் உலர்த்த நினைத்தால் வேண்டாம். சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் ஜன்னலோரம் வைத்த வெள்ளைத் தூளில் மாலைக்குள் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். சாம்பல் துகளில் கால்சியம் உண்டு, கழுவினாலும் போகாது. ஓவனிலும் மேலே ஒரு வடிதாளைத் தளர்வாக மூடிவையுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

*ஆறவைத்து வடிகட்டுவது.* இதுதான் முதல் தவறு. கரைசலும் கழுவு நீரும் சேர்ந்து 120 மில்லி என்று வையுங்கள். அறை வெப்பத்தில் அந்த அளவு நீர் 1.6 கிராம் உப்பைக் கொண்டுபோகும், கொதிநிலையில் 0.9 கிராமுக்குள் அடங்கும். எட்டே முக்கால் கிராம் எதிர்பார்க்கும் இடத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

*குளிர்ந்த நீரில் கழுவுவது.* படி 7 வரை கவனமாகச் செய்துவிட்டு, வாஷ் பாட்டிலை எடுத்துப் பீய்ச்சுபவர்கள் உண்டு. கழுவுவதற்கென்று ஒரு சிறு பீக்கர் நீரை முதலிலேயே கொதிக்க வைத்துவிடுங்கள், கை தவறான பாட்டிலுக்குப் போகாது.

*ஆப்ப சோடாவை எடுப்பது.* அது சோடியம் பைகார்பனேட். லித்தியம் பைகார்பனேட் நீரில் நன்றாகக் கரையும், எனவே தூள் சரியாக விழாது. கொதிக்கவிட்டால் நுரைத்துப் பொங்கும். சலவை சோடாவிலும் சிக்கல் உண்டு. படிக நீரோடு முழுதாக இருந்தால் 35.6 கிராம் வேண்டும், ஆனால் மூட்டையில் கிடந்தது எவ்வளவு நீரை இழந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீரற்ற சோடியம் கார்பனேட்டே வாங்குங்கள்.

*குளிர்ந்த நிலையில் கலந்துவிட்டுப் பிறகு சூடாக்குவது.* முதலில் தெளிவாக இருக்கும், அல்லது சிறிதுதான் விழும். சூடேறும்போது சூடான அடிக் கண்ணாடியிலேயே உப்பு ஏடாக ஒட்டிக்கொள்ளும், சுரண்டினாலும் வராது. ஒட்டியதை நீர்த்த அமிலம் ஊற்றிக் கரைத்துக் கழுவுவதுதான் வழி, அந்த அளவு உப்பு போனது போனதுதான்.

மேலும் தூய்மை வேண்டுமானால்

கழுவி எடுத்த உப்பிலும் மணிகளுக்குள் சிக்கிய சோடியம் கொஞ்சம் இருக்கும். அதை நீக்கும் முறை அழகானது, பொறுமையும் கேட்கும்.

1. 5 கிராம் உப்பை 250 மில்லி குளிர்ந்த நீரில் கலக்குங்கள். இங்கே மட்டும் குளிர் வேண்டும்.
2. கிப் உபகரணத்தில் சலவைக்கல் துண்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போட்டு வரும் கார்பன் டை ஆக்சைடை, ஒரு நீர்க் குடுவை வழியாகக் கழுவி, கலவைக்குள் குமிழியாக விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.
3. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெள்ளைத் தூள் பைகார்பனேட்டாகிக் கரையும். கரையாமல் தங்குவது கால்சியம் போன்ற அழுக்கு. வடிகட்டி நீக்குங்கள்.
4. தெளிந்த கரைசலை 90 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கார்பன் டை ஆக்சைடு குமிழிட்டு வெளியேறி, லித்தியம் கார்பனேட் மீண்டும் விழும். அளவு பாதிக்கும் கீழே வற்றும்வரை கிளறிக்கொண்டே சூடாக்கி, சூட்டோடு வடிகட்டி, கொதிநீரில் கழுவுங்கள்.

இதில் இழப்பு அதிகம். 5 கிராம் போட்டு 4 கிராம் திரும்பினால் நன்றாகச் செய்தீர்கள் என்று பொருள்.

சோதித்துப் பார்த்தல்

சுடர் சோதனை: நிக்ரோம் கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டி, நிறம் எதுவும் வராதவரை சுத்தம் செய்யுங்கள். பிறகு அமிலம் தோய்ந்த நுனியில் உப்பைத் தொட்டுக் காட்டினால் ஆழ்ந்த செந்நிறம் எழும். 1818-ல் கிமெலின் முதலில் கவனித்த நிறம் இது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்வீடனில் ஆர்ஃப்வெட்சன் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்திருந்தார். செந்நிறத்தின் மேல் மஞ்சள் போர்த்தினால் அது சோடியம், கழுவியது போதவில்லை. கையடக்க நிறமாலைமானி இருந்தால் 670.8 நானோமீட்டரில் சிவப்புக் கோடு தனியே நிற்பதைக் காணலாம். சோடியத்தின் மஞ்சள் கோடு 589-ல் இருக்கும்.

சுடர் நிறத்தைக் கொண்டு தூய்மையை அளக்க முடியாது. சிறிதளவு சோடியமே சுடரை மஞ்சளாக்கிவிடும். அளவுக்கு அமிலத் தரம் பார்த்தலே நம்பகமானது. 0.25 கிராம் உப்பை 50 மில்லி நீரில் முழுதாகக் கரைத்து, மெத்தில் ஆரஞ்சு சேர்த்து, 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பியூரெட்டிலிருந்து தரம் பாருங்கள். தூய உப்புக்கு 13.53 மில்லி செலவாகும். அதே எடை சோடியம் கார்பனேட்டாக இருந்தால் 9.43 மில்லிதான், சாதாரண உப்புக்கு எதுவும் ஆகாது. ஆகவே அளவு குறைந்தால் எங்கோ சோடியமோ ஈரமோ தங்கியிருக்கிறது. மும்முறை பார்த்து, 13.4-க்கு மேல் ஒத்துவந்தால் மாணவர் நிலையில் அது நல்ல உப்பு.

மிச்சமான வடிநீர்

வடிநீரிலும் கழுவு நீரிலும் இன்னும் ஒரு கிராம் வரை லித்தியம் கார்பனேட் கரைந்திருக்கிறது. வாய்க்காலில் விடாதீர்கள், செடிக்கும் ஊற்றாதீர்கள். எலுமிச்சை வகை மரங்கள் மிகக் குறைந்த லித்தியத்துக்கே இலை கருகும், நகரியத்துக் குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் எலுமிச்சை நிறையவே உண்டு. வடிநீரைச் சூடாக்கி, 3 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட்டைக் கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றுங்கள். கார்பனேட்டைவிடப் பல மடங்கு குறைவாகக் கரையும் லித்தியம் பாஸ்பேட் விழும். அதை வடிகட்டித் தனிப் போத்தலில் சேருங்கள். எஞ்சிய உப்புநீரைக் கழிவுக் கேனில் ஊற்றி, அதன் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். எழுதப்படாத கேனை யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது, நீங்களும் கொடுக்காதீர்கள்.